சத்தமில்லாமல் ஊற்றிய கை

அன்புள்ள பாப்பா,

இந்தக் கடிதத்தை நீ பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய் என்று அம்மா சொல்கிறாள். இந்த வாரம் முழுவதும் அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். மடித்து வைத்தால் வை, உனக்கு அந்த உரிமை உண்டு. அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் படித்துவிடு. போன வெள்ளிக்கிழமை அடுப்படியில் நான் போட்ட கூச்சலுக்கு உன் வேலை காரணம் இல்லை. ஓட்டல் பாரில் நின்று நாலு பேருக்கு ஊற்றிக் கொடுக்கப் போகிற மகளால் அப்பனுக்குத் தலைக்குனிவு என்று நினைத்துக்கொண்டு நீ வீட்டை விட்டுப் போயிருக்கிறாய். அப்படி நினைக்க வைத்தது நான்தான். தலைக்குனிவு உண்டு, ஆனால் அது உன்னால் வந்ததில்லை. நீ ஐந்தாவது படிக்கும்போதே என் தலை குனிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைக்காக நீ விமானம் ஏறுகிறாய். இன்று வியாழன். சுங்குவார்சத்திரத்தில் உன் தோழியின் அறைக்கு ஒரே பஸ்ஸில் வந்து இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. எழுதும்போதே கை நின்று நின்று போகிறது. ஆனால் உன்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவது சவரி மாமா. அவர் ஆட்டோவில் நீ ஏறி உட்காருவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்த பிறகு என்னை அப்பா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நீ மேடையில் ஆறு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தாய். காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதன் வாயில் அளவாக ஊற்றுவதற்கான அந்த ஸ்டீல் மூக்கைச் சொருகி, உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாய். நாலு எண்ணினால் முப்பது மில்லி வர வேண்டும் என்றாய். அம்மா இருமல் மருந்து மூடியை வைத்து அளந்து, ஒன்றில் கூடிவிட்டது, ஒன்றில் குறைந்துவிட்டது என்று பெரிய அதிகாரி மாதிரி தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், நம்பு. அப்போது நீ பாட்டிலை என் கையில் கொடுத்து, "அப்பா, நீ ஒரு வாட்டி ஊத்தேன்" என்றாய்.

நான் எண்ணவில்லை. எனக்கு எண்ணத் தேவையில்லை. ஆறு டம்ளரிலும் ஊற்றிவிட்டு பாட்டிலைக் கீழே வைத்தேன். அம்மா அளந்தாள். ஆறும் முப்பது. நீ கைதட்டிக் குதித்தாய். "யப்பா! எங்க சாருக்கே இப்படி வராதுப்பா. அதுவும் ஒரு சத்தம்கூட கேக்கல. எங்கேப்பா கத்துக்கின?" என்று கேட்டாய். நீ கேட்டது வாய்நிறையப் பாராட்டு. என் காதில் அது வேறு யாரோ என்னைப் பிடித்துவிட்ட மாதிரி விழுந்தது. பிடிபட்ட திருடன் கத்துவது போலத்தான் கத்தினேன். குடிகாரனுங்களுக்கு ஊத்திக்குடுக்கவா உன்ன படிக்கவெச்சேன், மானம் போவுது என்று கத்தினேன். பாட்டிலிலிருந்து மூக்கைப் பிடுங்கி, பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தேன். நீ ஆறு டம்ளர் தண்ணீரையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் கொட்டிக் கவிழ்த்து வைத்தாய். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அந்த டம்ளர்கள் இரண்டு நாள் அப்படியே கவிழ்ந்து கிடந்தன. எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். கம்பெனியில், பெயிண்ட் கலக்கும் அறையில். நானும் சவரியும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தோம். ட்ரம்மிலிருந்தும் டின்னிலிருந்தும் தின்னரையும் பெயிண்டையும் வாளியில் ஊற்றிக் கலந்து லைனுக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை. முதல் வாரம் முழுக்க பூட்ஸ் மேலே ஊற்றிக்கொண்டோம். இருபது லிட்டர் டின்னில் வாய் ஒரு ஓரத்தில் இருக்கும். எல்லோரும் என்ன செய்வார்கள், வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்துச் சாய்ப்பார்கள். உள்ளே காற்று போக வழியில்லாமல் களக், களக் என்று குதித்துக் குதித்து வந்து கண்டபடி தெறிக்கும். வாய் மேல்பக்கம் இருக்கும்படி பிடித்து, மெதுவாகச் சாய்க்க வேண்டும். மேலே காற்று உள்ளே போகும், கீழே சரக்கு வெளியே வரும், நூல் பிடித்த மாதிரி இறங்கும். ஒரு சொட்டு தெறிக்காது, ஒரு சத்தம் வராது. இதைக் கண்டுபிடித்தது சவரி. பேர் வாங்கியது நான். அப்போதே அப்படித்தான்.

இன்னொன்றும் அந்த அறையில் உண்டு. தின்னர் ஊற்றும்போது, ஓடுகிற ஓட்டத்திலேயே மின்சாரம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது. அது பொறியாகத் தாவினால் அறையே பற்றிக்கொள்ளும். அதனால் ட்ரம்மில் ஒரு கிளிப், வாளியில் ஒரு கிளிப், நடுவில் ஒரு செம்புக் கம்பி. அந்தக் கம்பி வழியாக எல்லாம் தரையில் இறங்கிவிடும். முதலில் கிளிப், அப்புறம்தான் மூடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சவரி ஒருபடி மேலே போய், கிளிப் மாட்டியதும் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். நாங்கள் கிண்டல் பண்ணுவோம். எத்தனையோ வருஷத்தில் ஒருநாள்கூட அவன் கிளிப்பை மறந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அறையில் பழகிய கை வெளியிலும் சும்மா இருக்கவில்லை. முதல் ஷிப்ட் விட்டு வரும்போது ஒரகடம் பக்கத்தில் ஒயின்ஷாப்பை ஒட்டிய பாருக்குப் போவோம். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதற்குக் கட்டிங் என்று பெயர். அதில் வருகிற சண்டை சொல்லி மாளாது. உனக்கு அதிகம், எனக்குக் கம்மி என்று பிளாஸ்டிக் டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். நான் ஊற்றினால் பார்க்க மாட்டார்கள். எனக்கு அங்கே 'லெவலு' என்று பெயர். முன்பின் தெரியாதவர்கள்கூட பாட்டிலைக் கொண்டுவந்து, "லெவலு, கொஞ்சம் பிரிச்சுக் குடு" என்பார்கள். பீர் என்றால் டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு இறக்கி, கடைசியில் நிமிர்த்தி இரண்டு விரல் நுரை வைப்பேன். இதெல்லாம் ஒரு பெருமையா என்று நீ கேட்பாய். வேறு பெருமை எதுவும் இல்லாதவனுக்கு இது பெரிய பெருமை, பாப்பா. அதைக்கூட நான் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் கலக்கும் அறைக்கு ஒரு லீடர் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். நோட்டீஸ் பலகையில் சவரியின் பெயரை ஒட்டினார்கள். அவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "மச்சான், உனுக்குத்தான் வரும்னு நெனச்சேன்டா, சத்தியமா" என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. இத்தனை வருஷமாக இந்த விஷயத்தை எனக்குள் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் 'விளையாட்டு' என்ற வார்த்தையைப் போட்டே சொல்லி வந்திருக்கிறேன். விளையாட்டு இல்லை. அது பொறாமை. வேறு பெயர் கிடையாது.

அடுத்த வாரம், முதல் ஷிப்ட் முடிந்து இரண்டு பேரும் பாருக்குப் போனோம். நல்ல வெயில். வீட்டில் வாடை தெரியக்கூடாது என்று அன்றைக்கு ஓட்கா வாங்கினேன். அது தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கும், எலுமிச்சை சோடாவில் கலந்தால் எது எது என்று தெரியாது. இருவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டோம், சவரியின் போன் அடித்தது. சூப்பர்வைசர். இரண்டாம் ஷிப்டில் ஆள் வரவில்லை, ஐந்து மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் பார்த்துக்கொடு என்கிறார். லீடர் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது, மாட்டேன் என்று அவனால் எப்படிச் சொல்ல முடியும்? திரும்பி வந்து, "மச்சான், ஓவர்டைம் கீது. எனுக்கு இந்த ஒரு கிளாஸோட போதும். இதையே வெச்சுகினு பேசிகினு இருக்கேன்" என்றான்.

அவன் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் செய்தேன். குடித்துவிட்டு வந்தது வெளியே தெரிந்து, சூப்பர்வைசர் முன்னால் அவன் நாக்குக் குழறி நிற்க வேண்டும். அந்தப் பெயர் பலகையிலிருந்து போக வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவன் வீட்டுக்குப் போன் பேச வெளியே போனான், அவன் டம்ளரில் ஓட்காவை முன்பிருந்த அளவுக்கே நிரப்பினேன். மாங்காய் வாங்கப் போனான், மறுபடி நிரப்பினேன். மூன்றாவது முறை அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேஜை ஆளிடம் திரும்பி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். டம்ளரைக் கொஞ்சம் சாய்த்து, பாட்டில் வாயை விளிம்பில் ஒட்ட வைத்து, சுவரோடு இறக்கினேன். ஒரு சத்தம் இல்லை. நீ வெள்ளிக்கிழமை பார்த்துக் கைதட்டினாயே, அதே கைதான். அவனுக்கு அது கடைசி வரைக்கும் ஒரே கிளாஸ். எழுந்து நிற்கும்போது, "இன்னாடா, இன்னிக்கு ஒரு மாரி தூக்குது" என்றான். "வெயிலுடா" என்றேன். அவனை பைக்கில் கொண்டுபோய் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டதும் நான்தான். அப்போது அங்கே ஊதச் சொல்லும் கருவியெல்லாம் கிடையாது.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆறு மணிக்கு அறை பற்றிக்கொண்டது. சவரி கிளிப் மாட்டாமல் ட்ரம்மைச் சாய்த்திருக்கிறான். வலது கை முழுக்க, கழுத்துவரை வெந்துபோனது. வேறு யாரும் உள்ளே இல்லாதது கர்த்தர் புண்ணியம். எந்த வெயிலிலும் சவரி மாமா ஏன் முழுக்கைச் சட்டையே போடுகிறார் என்று நீ சின்ன வயதில் ஓயாமல் கேட்பாய். அம்மா உன்னை அடக்குவாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். மத்தியானம் அவனோடு இருந்தாயா என்று கேட்டார்கள். "டீ குடிச்சோம் சார். அதுக்கப்புறம் நான் வூட்டுக்குப் போய்ட்டேன் சார்" என்றேன். நான் நீட்டி முழக்கிப் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு கிடந்தபடி சவரி சொல்லச் சொல்ல எழுதி வாங்கியிருந்தார்கள், தனியாகத்தான் குடித்தேன், கூட யாரும் இல்லை என்று. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: ஒரே ஒரு கிளாஸ்தான் சார் குடித்தேன். அதைப் படித்துவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இதைத்தான் இத்தனை பக்கமும் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்தேன், பாப்பா. ஊற்றியதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகக் கேவலமாக இருக்கிறது. அவனை வேலையை விட்டு எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவன் இடத்தில் என்னை லீடர் ஆக்கினார்கள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

கை ஆறியதும் அவன் ஷேர் ஆட்டோ எடுத்தான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் வரைக்கும். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு, அப்புறம் காலேஜுக்கு, முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். கேட்டரிங் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "புள்ள எத ஆசப்படுதோ அத படிக்கட்டும் மச்சான்" என்று எனக்கு எடுத்துச் சொன்னது அவன். ஏறுகிற ஆள் ஒவ்வொருவரிடமும் அவன் சொல்கிற கதையை நீ எத்தனை முறை கேட்டிருப்பாய். "ஒரே கிளாஸுபா. ஒரே கிளாஸ். எனுக்கு அது ஒத்துக்காத ஒடம்பு. தொடாத, எனுக்கு ஆன கதி உனுக்கு வாணாம்." அந்த ஒரு கிளாஸ் எப்படித் தன்னைக் கவிழ்த்தது என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருமல் மருந்துகூடக் குடிக்க மாட்டான். ரீட்டா அத்தை பாவம், கட்டிய மனைவி, அவளும் நம்பவில்லை. கோபம் வரும்போதெல்லாம், "ஒரு கிளாஸாம், ஊரே சிரிக்குது" என்று குத்திக்காட்டுவாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சர்ச்சில் உனக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று மண்டபத்தில் பந்தி நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஆள் பற்றவில்லை என்று யாரோ சாம்பார் வாளியை அவன் கையில் கொடுத்தார்கள். இரண்டு இலை தாண்டியிருப்பான். வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். நான் பின்னாலேயே போனேன். "வாணாம் மச்சான். இந்தக் கையி எத ஊத்துனாலும் எனுக்கு ஒதறுது" என்றான். வீட்டில் தண்ணீர் கேனைக்கூட அவன் தூக்கிக் குடத்தில் ஊற்ற மாட்டான், அத்தைதான் ஊற்றுவாள். சேர்ந்து வேலை செய்த காலத்தில் என்னைவிட நல்ல கை அவனுடையது. அவன் தோளில் கை போட்டு, "சரி வுடு" என்றேன். அந்தக் கையை அவன் தட்டிவிடவில்லை, ஏனென்றால் அவனுக்குத் தெரியாது.

நான் குடியை நிறுத்தினேன். அதற்காக உறவுக்காரர்கள் என்னை மெச்சினார்கள், நண்பனுக்கு நடந்ததைப் பார்த்துத் திருந்திய மனுஷன் என்றார்கள். நீயும் பள்ளிக்கூடக் கட்டுரையில் என்னைப் பற்றி அப்படி எழுதிப் பரிசு வாங்கிவந்தாய். அதை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள், நான் அந்தச் சுவர்ப்பக்கம் பார்த்து உட்காருவதில்லை. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போய் அவனிடம் சொல் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த தடவையிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு மறைமலை நகர் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே கோபம், சோம்பல், பூசைக்கு வராதது என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வீட்டை விட்டுப் போன அந்தச் சனிக்கிழமையே அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். நேற்றுக் காலையில் சவரி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வா மச்சான், புள்ளைக்கு இன்னும் கோவம் போவலையா? நான் பேசறேன் வுடு" என்றான். நான் நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு நீ குடிச்சது ஒரு கிளாஸ் இல்ல சவரி. நீ போன் பேச போனப்போ ஊத்தினேன். மாங்கா வாங்க போனப்போ ஊத்தினேன். நீ திரும்பிகினு பேசிகினு இருந்தப்போ எதிர்லயே ஊத்தினேன்."

அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "இன்னாத்துக்கு?" என்றான். "நீ லீடர் ஆய்ட்ட, அதான்" என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவன் அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. "எத்தினி வாட்டி?" என்றான். "மூணு" என்றேன். வெந்துபோய் வளைந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான். முதல் கிளாஸோடு மொத்தம் நாலு. திடீரென்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான். "ரீட்டா! ஏ ரீட்டா! நாலாம்டீ! நாலு கிளாஸு! நான் சொன்னேன்ல? ஒரு கிளாஸுக்கு எவனாவது கிளிப்ப மறப்பானாடீ? நாலுடீ!" அவன் அழுதான். என் மேல் உள்ள கோபத்தில் அழவில்லை, பாப்பா. தன்னை நம்பலாம் என்று இவ்வளவு காலம் கழித்துத் தெரிந்துகொண்ட மனுஷன் அழுகிற அழுகை அது. என்னை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தையில் நான் கொடுத்திருக்கக் கூடியதை இத்தனை வருஷம் பதுக்கி வைத்திருந்தேன்.

அப்புறம்தான் அவன் என் பக்கம் திரும்பினான். முகம் மாறிவிட்டது. "நீ போ. இங்க நிக்காத" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. நான் தெருவுக்கு வந்துவிட்டேன். பத்தடி போவதற்குள் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கேன். களக், களக் என்று குடத்தில் விழுகிறது. "சிந்துது பாரு, தள்ளுய்யா, நான் ஊத்தறேன்" என்று அத்தை கத்துகிறாள். "சிந்துனா சிந்தட்டும்டீ" என்று அவன் சொன்னது தெருவரைக்கும் கேட்டது. நான் அங்கே நின்று கேட்டேன். யாராவது பார்த்திருந்தால் இந்த ஆள் ஏன் தெருவில் நின்று அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை கம்பெனியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நாற்காலி போகும், போகட்டும். அவன் பெயரிலிருந்து அந்த ஒரு வரிக்கு விழுந்த சிரிப்பாவது போகுமா என்று பார்க்கிறேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உன் கைக்கு என் கையின் வாகு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை நீ பாட்டிலைப் பிடித்ததிலேயே பார்த்தேன். அதனால் சொல்லாமல் இருக்கப் பயமாக இருக்கிறது. எவ்வளவு நன்றாக வந்தாலும் சத்தமில்லாமல் ஊற்றாதே. ஊற்றுவதைக் குடிக்கிறவர் பார்க்கட்டும், அவர் காதில் விழட்டும். போதும் என்று ஒருவர் சொன்னால் பாட்டிலை நிமிர்த்தி, மூடி போட்டு, தள்ளி வை. அவர் எழுந்து போயிருக்கும்போது அவருடைய டம்ளரைத் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ சவரி மாமாவோடு போ. அவர் கூட்டிக்கொண்டு போவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மா அந்த ஆட்டோவில் வருவாள். நான் ஏற மாட்டேன், பஸ்ஸில் வந்து ஏர்போர்ட் வாசலுக்கு எதிரில் நிற்பேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் முள்செடிக்குள் அரைநாள் தேடி உன் ஸ்டீல் மூக்கைக் கண்டுபிடித்துவிட்டேன். வெந்நீரில் கழுவிக் காயவைத்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கெட்டுப்போயிருக்குமோ என்று தண்ணீர் பிடித்து ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் உயரத் தூக்கி ஊற்றினால் நல்ல சத்தம் வருகிறது.

அப்பா